குழிக்குள் இறக்கிய விளக்கு

வியாழக்கிழமை காலை பத்து மணி பத்து நிமிடத்துக்கு விளக்கைக் குழிக்குள் இறக்கினார்கள். விளக்கு அணையவில்லை. அணைந்திருந்தால் தம்பி இறங்கியிருக்க மாட்டார்.

நினைவு மலர்க் கட்டுரையை இப்படித் தொடங்குவதில்லை என்பது எனக்குத் தெரியும். இருபத்திரண்டு வருடமாகத் தமிழ் படிப்பிக்கிறேன். அயலவர்களுக்கும் சக ஆசிரியர்களுக்கும் இத்தகைய கட்டுரைகள் பல எழுதிக் கொடுத்திருக்கிறேன். பிறந்த ஊர், பெற்றோர், நற்குணம், நன்றி என்று அந்த ஒழுங்கு கைக்குப் பழகிப்போனது. என் தம்பிக்கு எழுத உட்கார்ந்தபோது அந்த ஒழுங்கு வரவில்லை, கோபம்தான் வந்தது. இந்த ஒரு மாதமாக வீட்டுக்கு வந்தவர்களில் பாதிப்பேர் "விதி" என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடித்துப் போனார்கள். அவர்களும் முப்பத்தோராம் நாளில் இந்த மலரைக் கையில் வாங்குவார்கள். விதி என்று சொல்வதற்கு முன் இதை ஒருமுறை வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

தம்பி பன்வில தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிஷனில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தார். அப்போது எனக்கு ஆறு வயது. அப்பாவுக்குத் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் வேலை. வெயில் மாதங்களில் குண்டசாலைப் பக்கம் போய்க் கிணறுகளில் சேறு அள்ளிக் கொடுப்பார். கிணற்றில் இறங்கும் முன் ஒரு குப்பி விளக்கைக் கயிற்றில் கட்டி அடிவரை விடுவார். எரிந்துகொண்டிருந்தால் காற்று நல்லது, இறங்கலாம். அணைந்தால் அன்றைக்கு வேலை இல்லை என்று திரும்பி வந்துவிடுவார். அப்பா நோயில்தான் இறந்தார்; கிணற்றில் அல்ல. ஆகவே எங்கள் வீட்டில் அந்த விளக்குக்கு ஒரு மரியாதை இருந்தது. அப்பாவின் மற்றச் சாமான்களை யார் யாரோ எடுத்துப் போனார்கள். விளக்கைத் தம்பி எடுத்துக்கொண்டார்.

தம்பி சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்தினார். அந்த நேரத்தில் நான் ஆசிரியர் கலாசாலையில் இருந்தேன். இருவரும் படிக்க வீட்டில் வழியில்லை. யாரும் அவரைக் கேட்கவில்லை; தானே குண்டசாலையில் ஒரு மேசன் பாஸுக்குக் கையாளாகப் போய்ச் சேர்ந்தார். என் படிப்பு அவர் சுமந்த சீமெந்து மூட்டைகளின் மேல் நிற்கிறது. இதை நான் பல மேடைகளில் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். இப்போது சொல்லக் கூசுகிறது.

சிங்களக் கூட்டத்தோடு வேலை செய்து, என்னைவிட நன்றாகச் சிங்களம் பேசப் பழகினார். பகிடிகூட விடுவார். ஆனால் சிங்களத்தில் ஓர் எழுத்து வாசிக்கத் தெரியாது. வாசிப்பு வேலை எல்லாம் என்னிடம் வரும். வங்கிக் கடிதம், பிரதேச செயலகப் படிவம், பிள்ளைகளின் தடுப்பூசி அட்டை, எதுவானாலும் "அக்கா பாத்துக்குவாங்க" என்று சொல்லிவிடுவார்.

ஆறு வருடங்களுக்கு முன், கண்டியில் அலுவலகம் வைத்திருந்த ஒரு திட்டத்தார் மேல் டிவிஷனுக்கு வந்தார்கள். மாடு வைத்திருக்கும் பன்னிரண்டு வீடுகளுக்குச் சாணத்திலிருந்து அடுப்புக்கு வாயு எடுக்கும் குழி கட்டித் தருவதாகச் சொன்னார்கள். பெரிய பானையைக் கவிழ்த்து மண்ணில் புதைத்தது போன்ற செங்கல் தொட்டி அது. ஒரு பக்கம் சாணத்தைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் உள்ளே புளித்து வாயு மேலே சேரும். குழாய் வழியாக அது அடுப்புக்கு வரும். மறுபக்கம் வழிகிற கரைசல் மரக்கறிப் பாத்திக்கு உரமாகும். எங்கள் சனம் அதைக் கேஸ் குழி என்றார்கள். கட்டுவதற்குத் தோட்டத்திலேயே ஒரு மேசன் தேவைப்பட்டார். தம்பி போனார்.

அவர் அந்த வேலைக்கு மனதைக் கொடுத்ததற்குக் காரணம் அம்மா. அம்மா வாழ்நாள் முழுவதும் ஈர விறகோடு போராடி, கடைசி மூன்று வருடம் இருமிக்கொண்டே இருந்தார். தம்பி அதைப் பேச மாட்டார். ஆனால் முதல் குழி கட்டி முடிந்த அன்று எனக்கு ஃபோன் செய்து, "அக்கா, பாத்திரத்துல கரியே புடிக்கல" என்று மட்டும் சொன்னார். உடனே வைத்துவிட்டார்.

அந்த முதல் குழி செல்வராணி என்பவரின் வீட்டில். கொழுந்து எடுக்கிறவர், இரண்டு மாடு வைத்திருக்கிறார். குழி வேண்டும் என்று கேட்டவரே, அடுப்பைப் பற்றவைக்கும் நாளில் பின்வாங்கிவிட்டார். சாணியிலிருந்து வந்த நெருப்பில் சாமிக்குப் பொங்கல் வைக்கலாமா என்று லயத்துப் பெண்கள் அவரைக் குழப்பியிருந்தார்கள். தம்பி அவரது நெற்றியைக் காட்டி, "மதினி, இந்தத் துண்ணூறு எதுல இருந்து வந்துச்சு? கடையில மாவு வாங்கியா பூசுறீங்க?" என்று கேட்டாராம். கூட்டம் சிரித்துவிட்டது. செல்வராணி பாலை வைத்தார். நீல நெருப்பில் பால் பொங்கியது. அதன்பிறகு மற்றப் பதினொரு வீட்டிலும் யாரும் மறுக்கவில்லை.

நாட்டில் கேஸ் சிலிண்டர் கிடைக்காமல் சனம் தெருத்தெருவாக நின்ற வருடத்தில், குண்டசாலையில் நானும் வெற்றுச் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வரிசையில் நின்றேன். மேல் டிவிஷனில் பன்னிரண்டு அடுப்பும் எரிந்துகொண்டிருந்தன. தம்பி தினமும் ஃபோன் செய்து, "டீச்சரம்மா இன்னைக்கு வரிசையில எத்தனாவது ஆளு? பேசாம ஒரு மாட்ட வாங்கி மொட்டை மாடியில கட்டுங்க" என்பார். அவர் யாரையும் மட்டம் தட்டிப் பேசாதவர். என்னை மட்டும் கேலி செய்வார்.

அந்த வருடம் திட்டத்தார் நிறைய வந்தார்கள். படம் எடுத்தார்கள். ஒவ்வொரு குழியின் மேலும் ஒரு தகரப் பலகை பொருத்தினார்கள். யார் உதவி, யார் நிதி, யார் திறந்து வைத்தார் என்பதெல்லாம் அதில் மூன்று மொழியிலும் இருக்கிறது. எழுத்துப்பிழை இல்லாத நல்ல தமிழ். பிறகு திட்டம் முடிந்தது என்றார்கள், வருவது நின்றது. போகும்போது தம்பியின் கையில் ஒரு கையேட்டைக் கொடுத்தார்கள். பதினாறு பக்கம். சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மட்டும் இருந்தது.

பன்னிரண்டு வீட்டிலும் தமிழர்கள். கட்டியவர் தமிழர். பலகைக்குத் தமிழ் இருந்தது; கையேட்டுக்கு இல்லை. இதை யாரும் திட்டமிட்டுச் செய்ததாக நான் சொல்லவில்லை. அவர்களுக்கு அது நினைவிலேயே வரவில்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை.

தம்பி அந்தக் கையேட்டைக் குண்டசாலைக்கு என்னிடம் கொண்டுவந்தார். நான் பதினைந்து பக்கத்தைத் தமிழில் எழுதிக் கொடுத்தேன். குழியின் அளவு, செங்கல் கணக்கு, சாணமும் தண்ணீரும் கலக்கும் விதம், குழாயில் கசிவு பார்க்கச் சவர்க்கார நுரை பூசுவது எல்லாம். அவற்றுக்குப் படங்கள் இருந்தன. கடைசிப் பக்கத்துக்குப் படமில்லை. நெருக்கமான எழுத்து மட்டும். அந்த நேரம் மகளின் சாதாரண தரப் பரீட்சை. அவளுக்கு ஒரு பாடம் குறைந்தாலும் உலகம் முடிந்துவிடும் என்று நினைத்து நான் ஓடிக்கொண்டிருந்த காலம். தம்பி அடுத்த முறை வந்தபோது, "இதையும் தமிழ்ல எழுதிக் குடுங்க அக்கா. படமே போடாத பக்கம், என்னமோ முக்கியமா இருக்கும்" என்றார். பரீட்சை முடியட்டும் என்றேன். இன்னொரு முறை கேட்டார். மூன்றாம் முறை கேட்கவில்லை. என் நேரத்தை எடுப்பதில் அவருக்கு எப்போதும் ஒரு தயக்கம் உண்டு.

இந்த வருடத் தொடக்கத்தில் செல்வராணியின் அடுப்பு மங்கத் தொடங்கியது. புல்லும் வைக்கோலும் சாணத்தோடு சேர்ந்து விழுந்து, உள்ளே மேலே ஏடு கட்டி, அடியில் சேறு இறுகிவிட்டது. உறிஞ்சி எடுக்கும் பவுசர் வண்டியை அனுப்பும்படி தம்பி கண்டி அலுவலகத்துக்குப் பலமுறை ஃபோன் செய்தார். ஒருமுறை நேரிலும் போய் அரை நாள் கதிரையில் இருந்து வந்தார். பாதை ஒடுக்கம், பவுசர் ஏறாது, பார்ப்போம் என்றார்கள். பிறகு ஒருநாள் அவர்களே அழைத்தார்கள். உதவி கொடுத்த வெளிநாட்டார் சில மாதங்களில் பார்க்க வருகிறார்களாம். அதற்குள் பன்னிரண்டு அடுப்பும் எரிய வேண்டுமாம். "நீங்கள்தானே கட்டினீர்கள், நீங்களே சுத்தம் செய்துவிடுங்கள்" என்று அதிகாரி சொன்னதை, தம்பியின் பக்கத்தில் நின்ற கணேசன் ஸ்பீக்கரில் கேட்டிருக்கிறார். கணேசன் தம்பியோடு பன்னிரண்டு குழியும் கட்டியவர்.

வாயு எரியும் என்பது தம்பிக்குத் தெரியும். அவர் அவசரக்காரர் அல்ல. திங்கட்கிழமையே மேல் மூடியைத் திறந்து, மூன்று நாள் காற்றாட விட்டார். பக்கத்தில் பீடி பற்றவைக்கக்கூட விடவில்லை. கரைசலை வாளியால் இறைத்தார்கள். அடிச் சேறு மட்டும் மிஞ்சியது. எரிகிற வாயு மூன்று நாளில் போயிருக்கும் என்று நம்பி, வியாழக்கிழமை காலை அப்பாவின் விளக்கை எடுத்து வந்தார்.

மழைக்கு முன் முடிக்க வேண்டும் என்று கணேசன் ஃபோனில் மணி பார்த்தார். பத்து பத்து. விளக்கு அடி வரைக்கும் போய் ஆடாமல் அசையாமல் எரிந்தது. செல்வராணிக்கு மனம் கேட்கவில்லை. "அண்ணே, எனக்கு என்னமோ மாதிரி இருக்கு. இன்னைக்கு வேணாமே" என்றிருக்கிறார்.

"எங்க அப்பாவோட வெளக்கு மதினி. பொய் சொல்லாது" என்று சொல்லிவிட்டுத் தம்பி ஏணியில் இறங்கினார்.

சேற்றில் மண்வெட்டியை இரண்டு தரம் போட்டாராம். அழுகிய முட்டை வாசம் மேலே வந்ததாம். தம்பி கூப்பிடவில்லை, இருமவில்லை. களைத்தவர் உட்காருவது போல உட்கார்ந்தாராம். கணேசன் ஏணியில் காலை வைத்துவிட்டார். செல்வராணி அவர் சட்டையைப் பின்னால் பிடித்து இழுத்து, இருவரும் குழிக்கு வெளியே சேற்றில் விழுந்தார்கள். "அவரு போயிட்டாரு, நீயும் போகாத" என்று கத்திக்கொண்டே அவர் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாராம். அந்தப் பெண் அப்படிச் செய்திராவிட்டால் இன்று இரண்டு மலர் அச்சிட்டிருப்போம்.

கீழேயுள்ள சிங்களக் கிராமத்திலிருந்து ஆட்கள் இரும்பு அலவாங்குகளோடு ஓடி வந்தார்கள். குழியின் மேற்கட்டை உடைத்து, கயிற்றுக் கொளுக்கியால் அவரை எடுத்தார்கள். நாற்பது நிமிடம் எடுத்தது. தம்பி கட்டிய கட்டு இலகுவில் உடையவில்லை. தம்பி இறங்குமுன் மேலே இழுத்துக் குழி ஓரத்தில் வைத்த அந்த விளக்கு, அவரை வண்டியில் ஏற்றும் வரை எரிந்துகொண்டே இருந்ததாம். செல்வராணிதான் ஊதி அணைத்தார்.

நான் அப்போது பத்தாம் தரத்துக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். ஃபோன் மௌனத்தில் இருந்தது. பதினொரு தவறிய அழைப்புகள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது கணேசன் வாசலில் நின்றார்.

அடக்கம் முடிந்த மறுநாள் என் அலுமாரியைத் திறந்து அந்தக் கையேட்டை எடுத்தேன். இதை இதுவரை தம்பியின் மனைவிக்கும் சொல்லவில்லை. அந்தக் கடைசிப் பக்கத்தை நான் அப்போதே ஒருமுறை வாசித்திருந்தேன். வாயு, விஷம் என்று இருந்தது. சாணக் குழிக்குள் யார் இறங்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறரை மணி. மகளை டியூஷனிலிருந்து கூட்டிவரப் புறப்படும் அவசரத்தில், கையேட்டை அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். தவறு தொடங்கிய நேரம் எது என்று கேட்டால், பத்து பத்து என்று இந்தக் கட்டுரையின் தலையில் எழுதியிருக்கிறேன். அது கணேசனின் ஃபோன் காட்டிய நேரம். என்னுடைய நேரம் இந்த ஆறரை.

இதற்காகத் திட்டத்தாரை நான் விடுவிக்கவில்லை. ஒரு மேசனின் உயிர், அவருடைய அக்காவுக்கு ஞாயிற்றுக்கிழமை ஓய்வு கிடைப்பதில் தொங்கும்படி வைத்தவர்கள் அவர்கள்தான். ஆனால் அவர்களைத் திட்டும்போது என் பெயரையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது. இப்போது மகள் குளியலறையில் சற்றுத் தாமதித்தாலே போய்க் கதவைத் தட்டுகிறேன். "அம்மா, உயிரோடதான் இருக்கேன்" என்கிறாள். கோபித்துக்கொள்வதில்லை. அதுவே எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

தம்பிக்கு மனைவியும் இரண்டு பெண் குழந்தைகளும் இருக்கிறார்கள். மேல் டிவிஷனில் இன்னும் பதினொரு குழிகள் இருக்கின்றன. எல்லாம் ஒரே காலத்தில் கட்டியவை. ஒவ்வொன்றாக அடுப்பு மங்கும். ஒவ்வொரு வீட்டிலும் ஓர் ஆண்பிள்ளை, மூடியைத் திறந்து விளக்கை இறக்கிப் பார்க்கலாம் என்று நினைப்பார். விளக்கு எரியும்.

ஆகவே இந்த மலரின் பின் அட்டையில் வழக்கமாக வரும் தேவாரம் இல்லை. பெரியவர்கள் சிலர் மங்களமில்லாத பேச்சை அங்கே போடலாமா என்றார்கள். அவர்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் மாற்ற மாட்டேன். கையேட்டின் கடைசிப் பக்கத்தை அங்கே தமிழில் போட்டிருக்கிறேன். மகள்தான் பெரிய எழுத்தில் தட்டெழுதினாள். வாசிக்கத் தெரியாதவர்களுக்காக இங்கேயும் சுருக்கமாக எழுதுகிறேன். பக்கத்தில் இருப்பவர் உரக்க வாசித்துக் காட்டுங்கள். கேஸ் குழிக்குள் மனிதர் எவரும், எத்தனை நாள் திறந்து வைத்திருந்தாலும், இறங்கக் கூடாது. விளக்கை இறக்கிக் காற்றைச் சோதிக்கக் கூடாது. குழி வெடிக்கலாம், வெடிக்காமல் விளக்கு எரிந்தாலும் அந்தக் காற்று ஆளைக் கொல்லும். சேற்றைக் கிளறினால் விஷவாயு ஒரேயடியாக எழும்; முதலில் அழுகிய முட்டை வாசம் வரும், கூடினால் மூக்குக்கே தெரியாது. விழுந்தவரைத் தூக்க இன்னொருவர் இறங்கக் கூடாது. வெளியில் நின்று உறிஞ்சி எடுக்க வேண்டும்.

தம்பியின் இறுதி நாட்களில் எங்களோடு நின்றவர்களை மறக்க மாட்டோம். செல்வராணி நாங்கள் சபிப்போம் என்று பயந்து அடக்கத்துக்கு வரவில்லை. செல்வராணி அம்மா, நீங்கள் எங்கள் வீட்டுக்கு எந்த நேரமும் வரலாம். அலவாங்கோடு ஓடிவந்த கிராமத்துச் சகோதரர்களின் பெயர்கள்கூட எனக்குத் தெரியாது. அவர்களில் ஒருவருக்கு அந்தக் காற்றால் இன்னும் தலைவலி இருப்பதாகக் கேள்விப்பட்டேன். அக்குறணையில் குழாய்ச் சாமான் கடை வைத்திருக்கும், நாங்கள் நாநா என்று அழைக்கும் முஸ்லிம் அண்ணன் அன்று கடையைப் பூட்டித் தன் வேனில் எங்கள் உறவினரை எல்லாம் ஏற்றி இறக்கினார். "எண்ட தம்பியும்தான் டீச்சர்" என்று மட்டும் சொன்னார். கணேசன் இப்போது யாரும் சொல்லாமலே நாள்தோறும் பதினொரு வீட்டுக்கும் போய், மூடிகள் மூடியிருக்கின்றனவா என்று பார்த்து வருகிறார். இவர்கள் அனைவருக்கும் எங்கள் கைகூப்பிய நன்றி.

நன்றியோடு முடித்து, கட்டுரையை அச்சகத்துக்கு அனுப்ப இருந்த நாளில் தம்பி வீட்டு வாசலில் ஒரு வெள்ளை வாகனம் நின்றது. கண்டி அலுவலகத்து அதிகாரி. ஃபோனில் பேசிய அதே குரல். அடக்கத்துக்கு வரவில்லை, பதினாறாம் நாளுக்கு வரவில்லை, இப்போது வந்தார். வயதில் சிறியவர். பழக்கூடை கொண்டுவந்தார். தம்பியின் படத்துக்கு முன்னால் கைகூப்பினார். அந்தக் கண்ணீர் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். பிறகு பையிலிருந்து அந்தக் கையேட்டை எடுத்துக் கடைசிப் பக்கத்தைத் திறந்து என்னிடம் நீட்டினார்.

"இதில் தெளிவாக இருக்கிறதே மிஸ், இறங்கக் கூடாது என்று. யாரும் வாசிக்கவில்லையா?" என்று சிங்களத்தில் கேட்டார்.

தம்பியின் மனைவி என் பக்கத்தில் இருந்தார். அவருக்குச் சிங்களம் நன்றாகவே விளங்கும். நான் சொன்னேன்: "நான் வாசித்தேன். என்னிடம்தான் இருந்தது. மற்றப் பக்கங்களை அவருக்குத் தமிழில் எழுதிக் கொடுத்தேன், இதை மட்டும் கொடுக்கவில்லை."

தம்பியின் மனைவி எழுந்து உள்ளே போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. அதிகாரியையே பார்த்துக்கொண்டு தமிழில் சொன்னார்: "அண்ணி, அவர்கிட்ட கேளுங்க. மத்த பதினொரு வீட்டுக்கும் யாரு சொல்லப் போறாங்கன்னு."

நான் கேட்டேன். ஏன் தமிழில் இல்லை என்றும் கேட்டேன். அவர் கையேட்டை மூடினார், திரும்பத் திறந்தார். தமிழ்ப் பிரதி அடுத்த கட்டத்தில்தான் வரும், அதற்கு இன்னும் அனுமதி கிடைக்கவில்லை என்றார். பிறகு, ஏதோ நல்ல வழி தோன்றியவர் போல முகம் தெளிந்து, அந்தப் பக்கத்தை விரலால் தொட்டுக் காட்டினார்.

"மிஸ், இதையும் நீங்கள் தமிழில் எழுதிக் கொடுத்தால் பெரிய உதவியாக இருக்கும்."